சைலன்சர் சாப்பிட்ட காபா

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் கோபப்படும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் கோபப்பட்டாலும் அவர் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது. சைலன்சர் கழன்ற மோட்டார் பைக் மாதிரி பேசுவதால் அவருக்கு சைலன்சர் என்றே பெயர். வீட்டில் வைத்த பெயரை ரேஷன் கார்டு மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.

ஏ.டி.எம். இயந்திரத்தைத் திட்டுவார். கஸ்டமர் கேரில் பதிவு செய்த குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னால், "அமுத்திட்டேன்மா! எத்தினி வாட்டி அமுத்தறது?" என்று கத்துவார். அவர் வீட்டுக்கு எதிரில் இருக்கும் என் மெடிக்கல் கடையில் அதைக் கேட்ட ஒருவர், பிரஷர் மாத்திரையோடு காதுக்குப் பஞ்சும் வாங்கிப் போனார்.

இப்படிப்பட்டவருக்குத் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். பட்டு வழுக்காமலிருக்க, பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் வைத்திருக்கும் விபூதியை விரலில் தொட்டுக்கொள்வார். இழையிடம் அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. அது அறுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கோபிப்பார்.

சென்ற வருடம் அவர் மகள் மஞ்சு, ஸ்ரீபெரும்புதூரில் மாமியார் வீட்டிலிருந்து போன் செய்தாள். "தலைப்பிரசவத்துக்கு வரணும்னா அப்பா கத்தறத நிறுத்தணும். இல்லன்னா இங்கியே பெத்துக்கிறேன்" என்றாள். ஊர் என்ன பேசும் என்று அவர் மனைவி வசந்தா அக்கா அழுதார். சைலன்சர் அழவில்லை. பெற்ற மகளே தன் குரலுக்குப் பயப்படுகிறாள் என்பது அவரை உலுக்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் போனோடு கடைக்கு வந்தார். "காபான்னு ஒண்ணு இருக்குதாமே. கோவத்தை அடக்குமாம். வரவழைச்சுக் குடுப்பா."

"அது நம்ம மூளையே தயார் பண்றதுண்ணா. நரம்போட ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். வெளியிலேர்ந்து சாப்பிட்டா மூளை வரைக்கும் போவுதான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல. முதல்ல டாக்டரைக் கேளுங்க."

கேட்டுவிட்டு வந்தார். டாக்டரும் இதையேதான் சொல்லி, வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஒன்று போட்டுப் பாருங்கள் என்றாராம். டப்பாவை வரவழைத்துக் கொடுத்தேன். கேப்சூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கூடு எதுல செஞ்சது?"

"ஜெலட்டின். மாட்டுத் தோல், எலும்பு, அதுலேர்ந்து எடுப்பாங்க."

சுத்த சைவம் அவர். வீட்டுக்குப் போய் எல்லாக் கூட்டையும் பிரித்து, வெள்ளைத் தூளை இன்னொரு கொட்டாங்குச்சியில் கொட்டி வைத்துக்கொண்டார். கோபம் வரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை வாயில் போடுவது, அரை மணி நேரம் வாயே திறக்காமல் உட்காருவது என்று அவரே ஒரு வைத்தியமுறை வகுத்தார்.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதாண்ணா! அரை மணி நேரம் எதுக்கு?" என்றேன்.

"வேலை செய்யறதுக்குள்ள வாயைத் தொறந்தா மருந்து வீணாப் பூடும்பா. நல்ல மருந்து. கோயில் பிரசாதம் மாதிரியே இருக்குது."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் தெரு உண்மையிலேயே அமைதியாகிவிட்டது. கரண்ட் போனால் சிட்டிகை, அரை மணி. இழை அறுந்தால் சிட்டிகை, அரை மணி. வசந்தா அக்கா கண் கலங்கி, "இத்தினி வருஷம் இந்த டப்பா எங்கப்பா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். மஞ்சுவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் வரும் காலையில் நானும் அங்கே இருந்தேன். சைலன்சர் குளித்துவிட்டு, பாவுக்குப் பக்கத்திலிருந்த கொட்டாங்குச்சியில் விரலை விட்டு நெற்றியில் இழுத்தார். ஒட்டவில்லை, மூக்கில் உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார், கசந்தது. இன்னொரு கொட்டாங்குச்சியைத் தொட்டு நக்கினார். சுத்தமான விபூதி.

மருந்து வந்த அன்றைக்கே வசந்தா அக்கா கூட்டிப் பெருக்கியபோது இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். கோயிலில் கொடுத்த விபூதியில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம் என்பதால், ருசி அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. இத்தனை நாளும் மனிதர் விபூதியைத் தின்றுகொண்டிருந்தார். காபாவைச் சாப்பிட்டது பாவு.

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வசந்தா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை ஆட்டோவிலும் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி மஞ்சு அவர் முகத்தையே பார்த்தாள். அவள் இறங்குவாளா, அப்படியே திரும்பிவிடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சைலன்சர் திறந்த வாயை மூடினார். விபூதியை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லமா. மருந்து போட்டுக்கினு இருக்கேன். அரை மணி நேரம் பேச மாட்டேன். நீ உள்ள வா."

மஞ்சு இறங்கி வந்தாள்.

பேரன் பிறந்தான். தொண்டை தாத்தாவினுடையது, தெருவில் இப்போது அவன்தான் சைலன்சர். போன வாரம் கடை திறக்க வந்தபோது அவன் வீறிட்டுக்கொண்டிருந்தான். தாத்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நடந்தபடி, அவன் காதில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கடையைத் திறக்காமல், அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.