உள்ளே ஒரு கம்ப்யூட்டர், வெளியே ஒரு ராதிகா

இந்த ஞாயிற்றுக்கிழமை மிளகுக்கொடி பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். நான் சமவெளியில் ராசிபுரத்துக்காரன். மலைமேலே செம்மேட்டில் ஆபீஸ் குமாஸ்தா. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே எனக்குத் தலை சுற்றும். என் மாமனார் கருப்பண்ணனோ, அதே மலையில் வளப்பூர் நாடு என்கிற ஊரில் வானத்தை இடிக்கிற மரங்களிலெல்லாம் மிளகைப் படரவிட்டு, பறிக்க மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறார்!

தப்பிக்க லேப்டாப்பில் ஒரு சாப்ட்வேர் போட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்கிற சாப்ட்வேர். உள்ளே பழைய விண்டோஸ். எங்கள் ஆபீஸ் புரோகிராம் அதில்தான் ஓடும். கேரம் விளையாட்டும் ஓடும். இதை என் மனைவி ராதிகாவிடம் சொல்வேனா?

அதைத் திறந்துவைத்துவிட்டுப் போய்க் குளித்து வந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, பத்து மணி பஸ்ஸுங்க. அப்பா காத்துக்கிட்டிருப்பாரு."

"அவசர வேலை கண்ணு! பாதியில விட்டா அத்தனையும் போச்சு."

"ஆகட்டுங்க. உங்க போனக் குடுங்க, சார்ஜ் போடறேன்."

என்ன அனுசரணை! உருகிப்போனேன்.

பழைய விண்டோஸைத் திரை முழுக்க விரித்துக்கொண்டு ஆடினேன். ஓரத்தில் கடிகாரம். பத்தாகி, பத்தும் தாண்டியது. பஸ் போயிருக்கும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஐயோ, பஸ் போயிருச்சா! மனசே ஆறலியே! நான் மட்டும் வந்திருந்தா உச்சிக்கொம்பு வரைக்கும் ஏறி, ஒரு மிளகு விடாம பறிச்சுக் குடுத்திருப்பேனே!"

"நெசமாவாங்க?"

"உன் மேல சத்தியமா!"

ராதிகா பையைத் தோளில் மாட்டினாள். "அப்பக் கெளம்புங்க. இப்பத்தான் ஒம்பதரை."

"என்னது? கம்ப்யூட்டர்ல பத்தே தாண்டிருச்சே!"

"அது உள்ள இருக்கற கம்ப்யூட்டருங்க. நீங்க குளிக்கப் போனப்ப அதுல மட்டும் மணிய முன்னால தள்ளி வெச்சேன். வெளிய இருக்கறது சரியாத்தான் ஓடுது."

சத்தியம் வீட்டோடு போகட்டும் என்று சமாளிக்கப் பார்த்தேன். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் கண்ணு..."

அவள் கையிலிருந்த என் போன் ஸ்பீக்கரில் செருமியது.

"எல்லாங் கேட்டுதுங்க மாப்ள! மரமேற வந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன். உச்சிக்கொம்புக்கு ஒரு ஏணி பத்தாது, ரெண்டை ஒண்ணா சேத்துக் கட்டிட்டிருக்கேன், வாங்க!"