எட்டு வீட்டுக் குடியரசின் அதிபர் எழுதுவது

என் தங்கை பெற்ற சிங்கக்குட்டியான மருமகனுக்கு,

மாமா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் என் முழங்காலும் சுகம். உன் சுகத்தையும் பரீட்சை மார்க்கையும் எழுது. மார்க் சரியில்லையென்றால் சுகத்தை மட்டும் எழுது.

நீ காலேஜில் மூன்று வருஷமாகப் படிக்கிற அரசாங்க சமாச்சாரத்தை உன் மாமா மூன்றே நாளில் நடத்திக் காட்டிவிட்டேன். கதையைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் மாடித் தையற்காரம்மா காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அன்று ராத்திரி பேய்மழை. திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது. அதே காலையில் என் குடையையும் எவனோ திருடிவிட்டான். வெள்ளிக்கிழமை அந்த அம்மாவின் மகள் பட்டம் வாங்குகிறாள், தகப்பனில்லாத பிள்ளை, தாய் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? எட்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்தார்களே தவிர ஒருத்தர் அசையவில்லை. நான்தான் பார்த்தேன், இது ஆளில்லாத குறை இல்லை, அரசாங்கம் இல்லாத குறை என்று. நீ விட்டுப்போன பாடப்புத்தகத்தை எடுத்தேன். முழுக்கப் படித்தேன் என்றே வைத்துக்கொள். கடைசியில் அகர வரிசையில் சொற்பட்டியல் இருக்கிறதே, சாரமெல்லாம் அதில்தான்.

செவ்வாய்க்கிழமையன்று, முதல் மாடிப் பல் டாக்டர் வீட்டில் கூட்டம். வீட்டுக்கு ஒருவராக ஏழு பேர் வந்தோம். பட்டியல் வரிசைப்படி பதவி கொடுத்தேன். முதல் சொல் அதிபர். அதைச் சுமக்க யாரும் முன்வருவதற்குள் நானே சுமந்துகொண்டேன். அப்புறம் அமைச்சர், அவைத்தலைவர், ஆளுநர், இளவரசர். குடியரசில் ஏது இளவரசர் என்று பல் டாக்டர் வாதாடினார். புத்தகத்தில் இருக்கிறது, நீர் பல்லைப் பாரும் என்றேன். யார் வீட்டு மிக்ஸி எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதுவரை தெரிந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு உளவுத்துறை. வாதாடின பல் டாக்டருக்கு எதிர்க்கட்சித் தலைவர். குடிமக்கள் என்ற சொல் ‘க’ வரிசையில் வருகிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆள் தீர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு இறங்கி வர முடியாத தையற்காரம்மா ஒருவர்தான் பாக்கி, அவரையே குடிமக்களாக நியமித்தோம்.

ஏழு பேரும் மூச்சிரைக்க ஐந்தாம் மாடிக்கு ஏறிச் செய்தி சொன்னோம். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார். “எனக்கு எதுவும் ஆகவேணாம்ணே. லிஃப்ட் ஓடினாப் போதும்” என்றார். மனுவாகக் கொடுங்கள் என்றோம், கொடுத்தார். அதன் பிறகு என் அரசாங்கம் வேலை செய்த வேகம் இருக்கிறதே! மனு ஆளுநரிடம் மூன்றாம் மாடிக்குப் போய், இளவரசரிடம் தரைத்தளத்துக்கு இறங்கி, முத்திரை இல்லையென்று என்னிடம் நாலாம் மாடிக்கு ஏறி, புதன்கிழமை முழுக்கப் படியில் கால் வலிக்க நடந்தது. நான் முதல் சட்டமாகக் குடைத் திருட்டுத் தடைச் சட்டம் போட்டேன். உளவுத்துறை எட்டு வீட்டுக் கட்டிலுக்கடியிலும் நுழைந்து பார்த்தது. மனு என்னாச்சு என்று கேட்டு எதிர்க்கட்சித் தலைவர் வெளிநடப்புச் செய்தார். தன் வீட்டிலிருந்தே வெளிநடந்ததை அவர் உணர்ந்தபோது கதவு தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. அன்றைக்குப் பல் பிடுங்கவில்லை.

ஆனால் பலன் பார். இன்று வெள்ளி, காலை ஒன்பதுக்கு மெக்கானிக் வந்தான், ஒன்பதரைக்கு லிஃப்ட் ஓடியது! தாயும் மகளும் அதில் இறங்கி விழாவுக்குப் போனார்கள். எல்லாம் என் ஆட்சித்திறன். உன் வாத்தியாரிடம் சொல், அடுத்த பதிப்பில் சேர்க்கட்டும்.

நீ கலெக்டருக்கும் மேலாக வந்து, எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வாழ ஆசீர்வாதம். உன் அம்மாவுக்கு என் அன்பு, அப்பாவுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
அதிபர் (உன் மாமா)

பின்குறிப்பு: உன் அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். உண்மையை எழுதினால்தான் தபால்தலை தருவாளாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டது தையற்காரம்மாவேதான். மனுவைக் கொடுத்து நாங்கள் படியிறங்குவதற்குள் போன் போட்டுவிட்டாராம். எல்லா மாடிக் கம்பிக்கதவும் ஒட்ட மூடினால்தான் இந்த லிஃப்ட் நகரும். யாருமே போகாத மொட்டைமாடி லிஃப்ட் கதவிடுக்கில் ஒரு குடை சொருகியிருந்தது. மழையன்று ராத்திரி காயட்டும் என்று வைத்தவன் யார் என்பதை, கைப்பிடியில் நான் கட்டிய சிவப்பு நூல் சொல்லிவிட்டது. தையற்காரம்மா அந்தக் குடையை ஊன்றிக்கொண்டு லிஃப்ட்டிலிருந்து இறங்கினார். “நாட்டுல குடிமக்கள் நான் ஒருத்திதானே அதிபரே, ஓட்டுப் போட்டுட்டேன்” என்றார். ஆட்சி கவிழ்ந்தது. குடை பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருக்கிறது. எனக்கு ஒரு மாதம் லிஃப்ட்டில் இடமில்லை, நாலு மாடியும் நடைதான். உன் புத்தகத்தில் இதற்கு நாடுகடத்தல் என்று பேர் போட்டிருக்கிறது. ‘ந’ வரிசை வரைக்கும் இன்றைக்குத்தான் படித்தேன்.