காப்பிக் கவுன்ட்டர் பிரதமர்

வாசகரே, நான் இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது அபூர்வமான உயிரினம் அல்ல. தடுக்கி விழுந்தால் அதன் மேல்தான் விழ வேண்டும் என்ற அளவுக்கு மலிந்துபோன உயிரினம். போர்ச்சுகலில் தெருவுக்கு ஒரு காப்பிக்கடை. கடைக்கு ஒரு கவுன்ட்டர். கவுன்ட்டருக்கு ஒரு பிரதமர். அசல் பிரதமர் லிஸ்பனில் இருக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வருவார், போவார். கவுன்ட்டர் பிரதமர் போவதே இல்லை. அவருக்குத் தேர்தல் கிடையாது.

இவரை எப்படி அடையாளம் காண்பது? உட்கார மாட்டார். வெளியே போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்தால் காப்பி விலை கூடும் என்பது சின்னக் காரணம்; உட்கார்ந்துகொண்டு அரசைக் கவிழ்க்க முடியாது என்பது பெரிய காரணம். ஆகவே இடது முழங்கையைக் கவுன்ட்டரில் ஊன்றி, சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு மூலையில் பிடித்துச் சடசடவென்று உதறி, கடைக்காரர் வாங்கிய கால்பந்துப் பத்திரிகையைத் தானே அச்சடித்ததுபோல் விரித்து, கட்டைவிரல் உயரக் கோப்பையை உதடு வரைக்கும் கொண்டுபோய், குடிக்காமல் நிறுத்தி, ஒரு பெருமூச்சு விட்டு, "இந்த நாட்டுலதான்யா இப்படியெல்லாம் நடக்கும்!" என்பார்.

என்ன நடந்தது? அது யாருக்கு வேண்டும்? ரயில் தாமதமோ, பட்ஜெட்டோ, நடுவர் கொடுக்காத பெனால்டியோ, ஆகஸ்டில் அடிக்கும் வெயிலோ, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம்தான். பக்கத்தில் நிற்பவர்கள் உடனே "அதானே!" என்பார்கள். அத்தோடு மந்திரிசபை கவிழ்ந்தது. காப்பியும் ஆறிவிட்டது.

லிஸ்பனுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் அல்மாடாவில், இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஒன்று வசிக்கும் அதே கட்டடத்தில், நான் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். நான் இரண்டாம் மாடி, எர்மீனியு தரைத்தளம். முன்பு இரும்புக்கடை வைத்திருந்தவர். உடம்பு கல்லுக்குண்டு. ஆனால் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்றுதான் சொல்வார், நன்றாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வது இங்கே கொஞ்சம் மரியாதைக் குறைவு. அவருக்கு ஒரே ஒரு குறை. பட்டம் வாங்கிய எவரையும் டாக்டர் என்றோ எஞ்சினியர் என்றோ கூப்பிடாமல் வணக்கம்கூடச் சொல்லாத ஊரில், அவர் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுமே இல்லை. வெறும் எர்மீனியு.

எங்கள் கட்டடத்தின் லிஃப்டுக்கோ ஒரு நாள் உடம்பு சரியிருக்கும், மறுநாள் ஊடல். பழுதுபார்க்கும் கம்பெனியைக் கூப்பிட்டால், "ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. நிர்வாகி கையெழுத்துப் போடட்டும், அரைமணியில ஆள் வரும்" என்றார்கள். நிர்வாகிக்கு எங்கே போவது? குடியிருப்பவர்களில் ஒருவரைக் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய நிர்வாகி பதவியிலிருந்து தப்பிப்பதற்காகவே வீட்டை விற்றுவிட்டுப் போனவர்.

இதனால் உண்மையாகவே அவதிப்பட்டது ஐந்தாம் மாடி டோனா கிரஸிண்டா, அதாவது கிரஸிண்டா அம்மாள். ஆற்றுப் படகுகளில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டிகள் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. லிஃப்ட் ஓடாத நாட்களில் அவருடைய உலகம் ஒரு பால்கனியும் ஒரு கூண்டுக் குருவியும்தான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூட்டம் கூடியது. எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு இரண்டு நேரம் உண்டு. மூன்று மணிக்கு முதல் அழைப்பு. ஆள் சேராவிட்டால் மூன்றரைக்கு இரண்டாம் அழைப்பு. முதல் அழைப்புக்கு யாரும் வந்ததாக வரலாறு இல்லை. குடிவந்த புதிதில் நான் ஒருமுறை பதவிசாக மூன்று மணிக்கே போய் நின்றேன். துக்கம் நடக்கும் முன்பே மாலையோடு வந்துவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மூன்றரைக்கு நுழைவாசல் கூடத்திலும் மாடிப்படிகளிலுமாக நின்றோம். குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைக்கு ஒருவர் குறைந்தார். அந்த ஒருவர், லிஃப்டைப் பற்றிப் புகார் சொல்வதற்காக லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கடமுடவென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. பிறகு டோனா கிரஸிண்டாவின் குரல்:

"நின்னுபோச்சு! ரெண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கேன்!"

பதறினோமா? இல்லை. எர்மீனியு படியில் ஒரு காலை ஏற்றி, "இந்த நாட்டுலதான்யா..." என்று ஆரம்பித்தார். "அதானே!" என்றது கூட்டம். லிஃப்டிலிருந்து மந்திரிசபைக்கு, மந்திரிசபையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸுக்கு, பிரஸ்ஸல்ஸிலிருந்து மத்தி மீன் பிடிக்க விதித்த தடைக்கு என்று அவர் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாம் மாடி எஞ்சினியர் வலெந்தீம் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சந்தேகம். அந்தம்மா கூட்டத்துக்கு வந்தவங்களா, வராதவங்களா? கட்டடத்துக்குள்ள இருக்காங்க, கூடத்துக்குள்ள இல்லை."

"நீங்க எஞ்சினியர்தானே? மேல போய்க் கதவைத் திறந்து விடக்கூடாதா?" என்றேன்.

"நான் நெல்வயல் எஞ்சினியருங்க" என்றார் அவர், மனம் புண்பட்டு.

வந்தவரா வராதவரா என்று வாதம் சூடுபிடித்தது. உடல் ஒன்றாம் மாடிக்கு மேலே, குரல் தரைத்தளத்தில்; எண்ணுவது உடலையா, குரலையா? கடைசியில் மேலேயிருந்தே தீர்ப்பு வந்தது.

"டேய், நாப்பது வருசமா படகுல ஆள் எண்ணினவடா நான்! டிக்கெட் வாங்கி ஏறினவன் எல்லாம் பயணிதான். என்னைச் சேர்த்துக்கோ, கூட்டத்தை நடத்து!"

சேர்த்துக்கொண்டோம். ஆளைத் தொடக்கத்தில் ஒருமுறை எண்ணினால் போதும் என்பது விதி. இதற்குள் யாரோ தீயணைப்புப் படைக்குச் சொல்லிவிட, சம்பளமில்லாமல் அந்தப் படையில் சேவை செய்யும் தொண்டர்கள் இருவர் கடப்பாரையோடு வந்து சேர்ந்தார்கள். டோனா கிரஸிண்டா உள்ளிருந்து கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கையை வெச்சீங்க, கத்துவேன்! நான் வெளிய வந்தா இவனுங்க எல்லாம் வீட்டுக்குப் போயிடுவானுங்க. நிர்வாகியைப் போடற வரைக்கும் நான் இங்கதான். நாளைக்கு நான் செத்தா, இந்தப் படியில சவப்பெட்டி திரும்புமா? சொல்லுங்கடா!"

எஞ்சினியர் படி வளைவைக் கண்ணால் அளந்து பார்த்தார். திரும்பாது என்று தலையசைத்தார்.

தொண்டர்களில் ஒருவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எங்க கட்டடத்துலயும் இதே கதைதான், சார்" என்றார்.

"பார்த்தீங்களா? இந்த நாட்டுலதான்!" என்றார் எர்மீனியு. "இந்த நாட்டை ஆறே மாசம் என்கிட்ட குடுக்கட்டும், நிமிர்த்திக் காட்டறேன்."

"நாடு வேண்டாம், எர்மீனியு. இந்த லிஃப்டை எடுத்துக்கறீங்களா?" என்றது மேலேயிருந்து குரல்.

எர்மீனியுவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "நானா? நான் தரைத்தளமாச்சே! லிஃப்டை நான் கண்ணால பார்க்கறதோட சரி. அதுவும் நான் என்ன, சாதாரணக் குடிமகன்" என்று படியிலிருந்து காலை இறக்கினார். நாட்டை நிமிர்த்தும் கைக்கு ஒரு கையெழுத்துப் பாரம் தாங்கவில்லை. உடனே தொண்டர்கள் பக்கம் திரும்பினார். "பாவம், பிள்ளைங்க ஓடி வந்திருக்கீங்க. வாங்க, ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாம்." மூவரும் மூலைக் கடைக்குப் போனார்கள்.

வாசகரே, இந்தச் சமூகத்தில் எத்தனை பெரிய பிழையையும் மன்னிப்பார்கள். கூட்டத்தின் நடுவே காப்பி குடிக்கப் போவதை மன்னிக்க மாட்டார்கள். கதவு சாத்தியதும் லிஃப்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது:

"போயிட்டானா?"

"போயிட்டார்மா."

"அப்ப நான் எர்மீனியுவை முன்மொழியறேன். யாருக்காவது ஆட்சேபணை?"

ஆட்சேபிக்க வேண்டிய ஒரே மனிதர் காப்பிக்குச் சர்க்கரை உதறிக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தின் சரித்திரத்தில் இவ்வளவு வேகமாக எதுவும் நிறைவேறியதில்லை.

மூவரும் திரும்பி வந்தபோது கூடமே கைதட்டியது. எர்மீனியு பின்னால் திரும்பிப் பார்த்தார்; யாராவது பெரிய மனிதர் வருகிறாரோ என்று. எஞ்சினியர் வலெந்தீம் முன்னால் வந்து, இடுப்பை லேசாக வளைத்து, "வாழ்த்துகள், நிர்வாகி அவர்களே" என்றார்.

"என்ன?... இது அநியாயம்! நான் இல்லாத நேரத்துலயா? இந்த நாட்டுலதான்..."

"உங்களை மாதிரி ஆளு வேணும், நிர்வாகி அவர்களே" என்றேன் நான்.

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, நிர்வாகி அவர்களே!" என்றது மேலேயிருந்து, இதுவரை அந்தக் குரலில் யாரும் கேட்டிராத பணிவோடு.

அந்த மூன்று விளிகளும் ஒவ்வொன்றாக எர்மீனியுவுக்குள் இறங்குவது தெரிந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பேனா இருக்கா யார்கிட்டயாவது?" என்றார்.

கம்பெனிக்காரர்கள் சொன்னபடி ஆளை அனுப்பினார்கள். கதவு திறந்து டோனா கிரஸிண்டா வெளியே வந்தார். எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டம் கலையலாம்" என்று சொல்லிவிட்டு, முட்டைக்கோஸ் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தார். அன்றிலிருந்து தினமும் இறங்குகிறார். தேவை இல்லாவிட்டாலும் இறங்குகிறார்.

எர்மீனியு? லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் வந்த காலையில் காப்பிக்கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இடது முழங்கை ஊன்றி நின்றவர் எஞ்சினியர் வலெந்தீம். "கட்டணத்தைப் பார்த்தீங்களா? இந்த நாட்டுலதான்யா இப்படி ஒரு நிர்வாகி பதவியில இருப்பான்!" என்றார். "அதானே!" என்றார்கள் எல்லோரும். கடைசி மேசையில், நாற்காலியில், ஆமாம், நாற்காலியில், உட்கார்ந்திருந்த எர்மீனியு யாரையும் பார்க்காமல் மெல்லச் சொன்னார்: "முந்தைய நிர்வாகம் விட்டுட்டுப் போன நிலைமை அப்படி."

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வந்தபோது எங்கோ ஓரிடத்தில், "இதென்ன பிரமாதம், நம்ம ஊர்ல இதைவிட மோசம்" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதே, அதுவும் கொஞ்சம் பெருமையோடு கேட்டதே, அது யாருடையது? சரி, சரி, நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உங்கள் குடியிருப்பில் கூட்டம் நடக்கும்போது மட்டும், எவ்வளவு தலைவலித்தாலும், காப்பி குடிக்க எழுந்து போய்விடாதீர்கள்.