மூன்று லிட்டர் ஸ்டாண்டு

"பிள்ளை மடியில இருக்கு, தண்ணி சமையலறையில இருக்கு" என்றாள் மனைவி, அன்றைக்கு நான்காவது முறையாக.

கணவரான பாதுகாப்பு அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். தொழிற்சாலையில் அறுநூறு பேரைத் தலைக்கவசம் போட வைத்த மனிதர். எழுந்துபோய் ஒரு டம்ளர் மொண்டு கொடுப்பதெல்லாம் அவருக்குச் சில்லறை வேலை. பிரச்சினையை வேரோடு பிடுங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

குழந்தைக்கு ஐந்து வாரம். எடை ஏறவில்லை. அடுத்த வியாழக்கிழமை வரும்போதும் ஏறியிருக்காவிட்டால் பால்பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டியதுதான் என்று செவிலியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்கு முகமே சரியில்லை. தாய் வேளைக்குச் சாப்பிடணும், தூங்கணும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கணும் என்றும் செவிலியர் சொல்லியிருந்தார். அதிகாரியின் காதில் விழுந்தது கடைசி விஷயம் மட்டுமே. முதல் இரண்டுக்கும் யாராவது அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் போக வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஏறியது. மணிக்கொரு டம்ளர், மணிக்கொரு அலாரம். அலாரம் அடித்ததும் தூங்கிய பிள்ளை விழித்து அழுதது. அழுத பிள்ளையை மடியில் போட்டதும் அவளுக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை, சமையலறைக் குடத்திலிருந்து கட்டில் வரை ஒரு பிளாஸ்டிக் குழாய் இழுத்தார். பிள்ளை காலை உதைத்ததில் குழாய் நழுவி, தாயும் சேயும் ஒருசேரக் குளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அசந்துவிடவில்லை. ஆலையின் முதலுதவி அறையிலிருந்து டிரிப்ஸ் ஏற்றும் சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று லிட்டர் புட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாய் மாட்டி, தண்ணீர் ஒழுகாமல் கிளிப் போட்டு, கட்டிலருகே நிறுத்தினார்.

மனைவி ஸ்டாண்டையே வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல யோசனைங்க" என்றாள்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவது இதுதான் முதல்தடவை. அதிகாரிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தொலைபேசி ஓயவில்லை. எதிர்வீட்டு அக்காள் ஏதோ சொல்லியிருக்கிறாள். தாய்க்கு டிரிப்ஸ் ஏறுகிறது என்று சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. பத்து மணிக்கு அவருடைய அக்காள் பெட்டியோடு வந்து இறங்கினாள். பின்னாலேயே சகலை, ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

அது வெறும் தண்ணீர்தான் என்று அதிகாரி விளக்கினார்.

"முதல்ல எல்லாரும் இப்படித்தான்டா சொல்லுவாங்க" என்று அக்காள் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

நோயாளியும் எதையும் மறுக்கவில்லை. "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி, பாவம்" என்று மெலிந்த குரலில் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு வேளைக்குச் சாப்பாடு கட்டிலுக்கே போயிற்று. அவள் கழுத்தைத் திருப்பினால் டம்ளர் வந்தது. ரத்தம் வேண்டாம் என்று சொல்லப்பட்டு மனம் உடைந்திருந்த சகலையிடம் பிள்ளையின் துணிக்கூடை ஒப்படைக்கப்பட்டது. பாதுகாப்பு அதிகாரி வெங்காயம் உரித்தார். ஸ்டாண்டில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் போனவரை, "தூங்குறா, சத்தம் போடாதே" என்று அக்காள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

வியாழக்கிழமை செவிலியர் தராசோடு வந்தார். இருநூற்று எண்பது கிராம் ஏறியிருந்தது. மனைவி பிள்ளையை வாரி எடுத்து முத்தமிட்டாள். சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் ஏற்பாட்டை ஆஸ்பத்திரிகளுக்கும் விரிவுபடுத்தலாம் என்று ஆரம்பித்தார். செவிலியர் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இந்தக் கிளிப்பைத் திறக்கவே இல்லையே சார். ஒரு சொட்டுகூட இறங்கலை. வேளைக்குச் சோறு, தூக்கம், தாகம் எடுத்தா கையில ஒரு டம்ளர். அவ்வளவுதான் விஷயம்."

அதிகாரி வாசலுக்கு வந்துவிட்டார். எதிர்வீட்டு அக்காள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆத்திரத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

"ஏன்க்கா, ஜன்னல் வழியாப் பார்த்தா, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஊரையே கூட்டிட்டீங்களே."

அவள் துணியை ஒருதரம் உதறினாள்.

"நான் எங்க தம்பி பார்த்தேன்? டிரிப்ஸ் ஏறுதுன்னு சொல்லுங்கன்னு உங்க வீட்டம்மாதான் போன் பண்ணினா. யார் யாருக்குச் சொல்லணும்னு நம்பரும் அவதான் குடுத்தா."