நாற்காலிக்கு வந்த நகரம்

உலகத்தை உய்விக்க வந்தவர்கள் இரண்டு வகை. உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்தை அறிந்தவர்கள் ஒரு வகை. அவர்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்தை நடத்துகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் அரசாங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அவசர ஊர்திச் சேவை அலுவலகத்தின் 'புள்ளிப் பிரிவு'த் தலைவர் இரண்டாவது வகை. அவருடைய முழுப் பதவிப் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னால் சொல்பவருக்கே அவசர ஊர்தி தேவைப்படும் என்பதால், ஊழியர்கள் அவரைச் சுருக்கமாகப் 'புள்ளியார்' என்றார்கள். அவர் எதிரில் மட்டும் 'சார்'.

புள்ளிப் பிரிவு எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மேலிடம் ஒருநாள் வண்டிக்கு ஒன்றாகக் கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளை வாங்கி அனுப்பியது. பார்க்கச் சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். 'வலதுபுறம் திரும்பவும்', 'இடதுபுறம் திரும்பவும்' என்று பெண் குரலில் அதட்டும். கருவிக்குள் ஏற்கெனவே சில இடங்கள் இருந்தன. எல்லாம் செருப்புக் கடை, நகைக் கடை, சினிமாக் கொட்டகை. காலொடிந்து கிடப்பவனைச் செருப்புக் கடைக்கா தூக்கிக்கொண்டு போக முடியும்? அதற்கும் கையேடு வழி சொல்லியிருந்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், அடிக்கடி விபத்து நடக்கும் முச்சந்தி என்று வேண்டிய இடங்களை நாமே தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ப்பவற்றுக்கு 'ஆர்வப் புள்ளிகள்' என்று பெயர். அந்த அலுவலகத்தில் 'ஆர்வம்' என்ற சொல் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

சேர்க்கும் முறை சுலபம். குறிப்பிட்ட இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பெயரைக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லாப் புள்ளிகளையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்து எல்லாக் கருவிகளிலும் ஏற்றிவிட வேண்டும். இந்தத் திட்டத்தை அலசப் புள்ளியார் கூட்டம் கூட்டினார்.

"சார், ஒவ்வொரு இடத்துக்கும் நேர்ல போகணும்னு போட்டிருக்கு" என்றார் பிரிவின் நில அளவையாளர்.

"இந்த வெயில்லயா?"

"போட்டிருக்கிறதைச் சொன்னேன் சார்."

"இருங்க. இந்தக் கருவி யாரோட பேசுது?"

"செயற்கைக்கோளோட சார்."

"அது எங்க இருக்கு?"

"மேல சார்."

"மேல இருக்கிறவங்களுக்குக் கீழ இருக்கிறது தெரியாதாய்யா? நம்ம மேலிடத்தையே எடுத்துக்குங்க. ஒரு நாளாவது இங்க வந்து எட்டிப் பாத்திருக்காங்களா? ஆனா எல்லா முடிவும் அங்கிருந்துதானே வருது? நாம பேரை அடிச்சாப் போதும். எது எங்க இருக்குன்னு மேல பாத்துக்குவாங்க."

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லும் தத்துவம் எதுவாக இருந்தாலும் அதற்கு அங்கே மரியாதை உண்டு.

ஒரே ஒரு சிக்கல்தான். கருவிக்குச் சிக்னல் கிடைத்தது அலுவலகத்திலேயே ஒரே இடத்தில், புள்ளியாரின் நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னலில். ஆகவே ஊழியர்கள் ஒவ்வொருவராக அந்த நாற்காலி அருகே வந்து, மின்விசிறிக் காற்றில், ஊரைப் பதிவு செய்தார்கள். பொது மருத்துவமனை, பதிவு. மகளிர் பள்ளி, பதிவு. ரயில்வே கேட், பதிவு. அது அநியாயத்துக்கு விசுவாசமான கருவி. தான் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தையே எல்லாப் பெயருக்கும் எழுதிக்கொண்டது. கால் நோகாமல், ஒரு செருப்புத் தேயாமல், நகரம் முழுக்க வரிசையில் நின்று புள்ளியாரின் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது.

அளவையாளருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கணினியை வெறித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், வரைபடத்துல எல்லாம் ஒரே புள்ளியாத் தெரியுது."

"பெருசு பண்ணிப் பாருங்க."

"பெருசு பண்ணினா ஒரே பெரிய புள்ளியாத் தெரியுது."

"பெரும்புள்ளிகள் எல்லாம் ஒண்ணாத்தான்யா இருப்பாங்க. ஊர் ஒத்துமையா இருந்தா உமக்கு ஏன் வயிறு எரியுது?"

அளவையாளருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி உண்டு. வாயை மூடிக்கொண்டு போய், புள்ளிகளை எல்லாக் கருவிகளிலும் ஏற்றினார்.

ஏற்றுவதற்கு முன் தலைமை எழுத்தர் பணிவாக நினைவூட்டினார். "சார், உங்க வீட்டையும் போட்டுடலாமே? வீட்டம்மா வேற இப்படி இருக்கிற நேரம்."

"சேச்சே, சொந்த வீட்டைப் போடறது அதிகார துஷ்பிரயோகம்" என்றபடி புள்ளியார் கருவியை வாங்கி, தன் கையாலேயே தன் வீட்டைப் பதிவு செய்தார். அடையாளத்துக்குக் குட்டி வீட்டுப் படம் ஒன்றையும் தேர்ந்தெடுத்தார். உட்கார்ந்தபடியேதான்.

வீட்டம்மாவுக்கு அப்போது நிறைமாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. கொஞ்சம் சிக்கலான உடம்பு, வலி கண்டால் தாமதிக்கக் கூடாது, உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். சரியாகச் சொன்னால் ஒருவரைத்தான் உட்கார வைத்துச் சொன்னார். புள்ளியாருக்கு அன்றைக்குப் புள்ளிக் கூட்டம்.

மனைவி தன் தம்பியின் வண்டியை வாசலில் நிறுத்தி வைக்கலாம் என்றாள். தம்பி மெத்தைக் கடை வைத்திருப்பவன்.

"மெத்தை வண்டியிலயா?" புள்ளியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்பறவன் பொண்டாட்டி மெத்தை வண்டியில போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேர் பேசிட்டுப் போறாங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"ஒரு போன் பண்ணு. அடுத்த நிமிஷம் வண்டி வாசல்ல நிக்கும். நம்ம வீடு இப்ப ஆர்வப் புள்ளி, தெரியுமா?"

"நீங்க வருவீங்களா?"

"வண்டி வரும்மா" என்றார் புள்ளியார்.

திட்டத்தின் தொடக்க விழா அலுவலக முற்றத்தில், புள்ளியாரின் ஜன்னலுக்கு நேர் கீழே, பந்தல் போட்டு நடந்தது. மேலிடத்து இயக்குநரே நேரில் வந்திருந்தார். வண்டிகள் கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தன. அதற்கு முன்பே புள்ளியார் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்: ஓட்டுநர்கள் கருவி காட்டும் புள்ளிக்கு மட்டுமே செல்ல வேண்டும், தெருவில் வழி கேட்பது, சொந்த மூளையைப் பயன்படுத்துவது போன்றவை ஒழுங்கீனமாகக் கருதப்படும்.

வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, வலி வந்துடுச்சு. தாங்க முடியல. சீக்கிரம்."

புள்ளியார் துள்ளி எழுந்தார். பாதி பயத்தில், மீதி கிடைத்த வாய்ப்பின் மகிழ்ச்சியில். ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இயக்குநர் அவர்களே! இத்திட்டத்தின் முதல் அழைப்பு இதோ, என் இல்லத்திலிருந்தே வந்திருக்கிறது!" என்றார். பந்தல் அதிர்ந்தது. ஓட்டுநர் குட்டி வீட்டுப் படத்தை அழுத்தினார், சாவியைத் திருகினார், சைரன் அலறியது.

"சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது கருவி.

ஓட்டுநர் சாவியைத் திருகி வண்டியை அணைத்தார். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ள சார்" என்றார் தலைமை எழுத்தர், ஏதோ தானே ஓட்டிக்கொண்டு போனவர் போல.

ஸ்ட்ரெச்சர்க்காரர்கள் இரண்டு பேர் கருவியைப் பிடித்தபடி இறங்கினார்கள். கருவி காட்டிய திசையில் மாடியேறினார்கள். திரும்பி வந்தபோது ஸ்ட்ரெச்சரில் புள்ளியாரின் நாற்காலி படுத்திருந்தது. விழாமலிருக்க வார் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"புள்ளியில இதுதான் சார் இருந்துச்சு" என்றார் முன்னால் பிடித்தவர்.

"நோயாளிய ஏத்தியாச்சுன்னா அடுத்து மருத்துவமனை" என்றார் இயக்குநர், ஆர்வம் தாங்காமல். ஓட்டுநர் மருத்துவமனையை அழுத்தினார். "சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்."

"ஆகா! ஒரு சொட்டு டீசல் செலவாகல!" இயக்குநர் எழுந்து நின்றே கைதட்டினார். பந்தலும் எழுந்தது. எழுந்து நின்ற கூட்டத்தில் முகம் வெளுத்து நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் அளவையாளர், மற்றவர் புள்ளியார்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. "என்னங்க, வண்டி எங்க?"

"வந்தாச்சும்மா... கிட்டத்தட்ட வந்தாச்சு."

"வாசல்ல ஒரு ஈ காக்கா இல்லயே!"

புள்ளியார் ஓட்டுநரிடம் ஓடினார். "யோவ், என் வீட்டுக்குப் போய்யா!"

"உங்க வீட்டுலதான் சார் நிக்கறேன்."

"இது ஆபீஸ்யா!"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். ஆனா சொந்த மூளையப் பயன்படுத்தினா ஒழுங்கீனம்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"சுற்றறிக்கையக் கிழிச்சுப் போடு! நான் சொல்றேன், கிளம்பு!"

"சரி சார், ஏறுங்க. வழி சொல்லுங்க."

புள்ளியார் வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது. அவர் தினமும் வீட்டுக்குப் போவது அலுவலக ஜீப்பில். ஏறியதும் ஒரு கோப்பைப் பிரிப்பார், பிரித்ததும் தூங்கிவிடுவார். "வீடு வந்துடுச்சு சார்" என்று ஜீப் ஓட்டுநர் எழுப்பினால் இறங்குவார்.

"பெரிய ரோட்டுல நேராப் போ... அப்புறம் ஒரு இடத்துல வண்டி தூக்கிப் போடும்... அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல வீடு" என்றார்.

"இந்த ஊர்ல எல்லா ரோடும் தூக்கிப் போடும் சார். தெருப் பேராவது சொல்லுங்க."

தெருப் பேர் அவருக்குத் தெரியும், நல்ல வேளை. அதைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் மேடையிலிருந்து அவருடைய முழுப் பதவிப் பெயர் ஒலித்தது. இயக்குநர் கையில் கேடயத்தோடு நின்றிருந்தார். பந்தல் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

புள்ளியார் வாசல் கேட்டைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அந்த மனுஷர் அந்த நேரத்தில் பட்ட பாட்டை எழுத்தில் சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் கால் மட்டும் எந்தக் கருவியும் வழி சொல்லாமலேயே மேடைப் பக்கம் திரும்பியது.

"ரெண்டே நிமிஷம். வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

இயக்குநர் பேசினார். விரைவு என்றால் என்ன என்று பேசினார். ஒரு நொடி தாமதம் ஒரு உயிரைப் பறிக்கும் என்பதை விரிவாக, உதாரணங்களோடு, நிதானமாகப் பேசினார். புள்ளியாரின் சட்டைப் பையில் கைபேசி துடித்துத் துடித்து அடங்கியது. எடுத்துப் பேசுவது மேடை நாகரிகம் அல்ல என்பதால் அவர் எடுக்கவில்லை. கடமையுணர்ச்சி என்றால் இதுவல்லவா கடமையுணர்ச்சி!

கேடயத்தோடு கீழே இறங்கிக் கைபேசியைப் பார்த்தபோது மச்சினனிடமிருந்து ஒரு செய்தி கிடந்தது: 'மாமா, அக்காவ ஆஸ்பத்திரில சேத்துட்டேன். மயக்கமா இருக்கா. உடனே வாங்க.'

ஆம்புலன்சில் ஏறப் போனார். முடியவில்லை. இயக்குநரோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக அதை ஊழியர்கள் சூழ்ந்திருந்தார்கள். தெருவுக்கு ஓடி, கிடைத்த வாடகை வண்டியில் தொற்றிக்கொண்டார். அதன் ஓட்டுநர் கருவி எதுவும் இல்லாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

வாசலில் மெத்தை வண்டி நின்றிருந்தது. மச்சினன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வியர்வை.

"அக்கா எப்படிடா இருக்கா?"

"பொழைச்சுட்டா. பொண்ணு பொறந்திருக்கு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க." மச்சினன் நிமிர்ந்து மாமாவின் கையைப் பார்த்தான். "அது என்ன மாமா கையில?"

புள்ளியார் வாங்கிய கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டே உள்ளே போனார்.

மனைவி கட்டிலில் சோர்ந்து கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் புள்ளியார் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் சந்தேகமில்லை.

"நான் என்னம்மா செய்வேன்? எல்லாம் அந்தக் கருவி பண்ணின தப்பு. நம்ம வீடு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியல. என் நாற்காலியப் போயி வீடுன்னு காட்டிடுச்சு..."

அவள் கோபப்படவில்லை. குரலை உயர்த்த அவளுக்கு உடம்பில் தெம்பும் இல்லை.

"அது தப்பே பண்ணலைங்க. உங்க வீடு எங்க இருக்குன்னு சரியாத்தான் காட்டியிருக்கு. ஆறு வருஷமா தப்பான விலாசத்துல சாப்பாட்ட எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான்தான்."