பேட்டரி சம்பந்தி

தாம்பரத்தில் எண்பதுகளில் ஓடிக்கொண்டிருந்த கார்களில் ஒன்றுகூடப் பிரம்மச்சாரி கிடையாது. அத்தனைக்கும் கல்யாணம் செய்துவைத்த புண்ணியவான் ஒரே ஒருத்தர். சேலையூர் போகிற வழியில் புங்க மரத்தடியில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஊருக்கெல்லாம் அவர் சம்பந்தி.

பேட்டரியின் பிளஸ் முனை அவருக்கு மாப்பிள்ளை. மைனஸ் முனை பெண். மைனஸிலிருந்து போகிற ஒயர் வண்டியின் பாடியில் சேருகிறதல்லவா, அதனால் பானெட், கதவு, டிக்கி, பம்பர் எல்லாம் பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள். புது பேட்டரி மாட்டுவது கல்யாணம். மாட்டி முடித்ததும் இரண்டு முனைக்கும் கிரீஸ் தடவி, நடுவில் சந்தனப் பொட்டு வைத்து, வண்டிக்காரரிடம் கை நீட்டுவார்.

"இன்னா சார், கண்ணாலம் முடிஞ்சிகீது, வாய்க்கு ஸ்வீட்டு கெடையாதா?"

வண்டிக்காரர் எதிர் டீக்கடைக்கு ஓடிப்போய் ஒரு தேன்மிட்டாயாவது வாங்கி வர வேண்டும். அதுவரை சாவி வராது.

அவருக்கு வேதம், சட்டம் எல்லாம் ஒரே வரிதான். "கயட்றப்போ பொண்ணு வூடு மொதல்ல. மாட்றப்போ மாப்ள வூடு மொதல்ல. மாத்தி செஞ்சா பேஜார்தான்."

எங்கள் தெருவில் ஒரு பிசிக்ஸ் புரொபசர் இருந்தார். அவருக்கு இந்தக் கல்யாணக் கதையெல்லாம் பிடிக்காது. "என்னய்யா மாப்ள, பொண்ணு? எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று ஸ்பானரைப் பிடுங்கி, தானே பிளஸ்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். ஸ்பானரின் மறுமுனை பானெட்டில் பட்டது. படார் என்று ஒரு பொறி! அடுத்த நொடி புரொபசர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எப்படித் தாண்டினார் என்பதை அவர் படித்த பிசிக்ஸாலும் விளக்க முடியவில்லை.

சம்பந்தி சிரிக்கவே இல்லை. "மாப்ள வூட்ல மொதல்ல கை வெச்சா பொறி பறக்காம பூவா சார் பறக்கும்?" என்றார்.

அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் போர்மேன். டாக்சியாக ஓடி ஓய்ந்த ஒரு காரை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். அதை அவர் ஓட்டியதைவிட நாங்கள் தள்ளியது அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி கூப்பிடாமலே வருவார். ஆயில் குச்சியை உருவி விரலால் தேய்த்துப் பார்ப்பார். ரேடியேட்டரைத் திறந்து எட்டிப் பார்ப்பார். டயரை உதைத்து அது போடும் சத்தத்தைக் கேட்பார். கடைசியில் பேட்டரி மூடியைத் திறந்து அப்பாவை முறைப்பார்.

"தண்ணி காட்டி எத்தினி நாளாச்சு? மாடுன்னா கத்தும். இது வாயில்லா ஜீவன் சார்!"

ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்துவிட்டதே என்று, அம்மா அடுப்பில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். சம்பந்தி தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, இது கொயந்த இல்லம்மா, பேட்டரி!" ஆனாலும் சொம்பைத் திருப்பித் தரவில்லை. அவரே கடகடவென்று குடித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அம்மா கேட்டாள்: "ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கறியேப்பா, உனக்கு எப்போ?"

"நானாம்மா? நான் ஸ்பானரு. ரெண்டு வூட்லயும் கை வெப்பேன். எந்த வூட்டுக்கும் சொந்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

இனி என் அக்கா கல்யாணம். அக்காவுக்கு ஏழு வரன்கள் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தன. எட்டாவதாக வந்தவர் திருநெல்வேலிக்காரர். தங்கமான பையன். அக்காவுக்கும் பிடித்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அம்மா வேண்டாத சாமி கிடையாது. மாப்பிள்ளைக்கு ஒரு பெரியப்பா உண்டு. நல்ல மனுஷர்தான், ஆனால் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துச் சந்தேகத்தோடுதான் சாப்பிடுவார்.

மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயில் வாசலில் எங்கள் கார் பூ அலங்காரத்தோடு நிற்கிறது. பின் சீட்டில் கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். அப்பா சாவியைத் திருப்பினார். 'டொக்' என்றது வண்டி. மறுபடி திருப்பினார். அந்த 'டொக்'கும் இல்லை.

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. என்னைப் பார்த்துக் கத்தினார்: "டேய், ஓடிப்போய் சம்பந்தியை இழுத்துக்கிட்டு வாடா! சட்டை போடலைன்னாலும் பரவாயில்ல, அப்படியே இழுத்துக்கிட்டு வா!"

காருக்குப் பின்னால் பட்டு வேட்டியும் சட்டையுமாக நின்றிருந்த மாப்பிள்ளையின் அப்பா திகைத்துப் போனார். "என்னைய எதுக்கு இழுக்கணும்? இங்கனதான நிக்கேன்?"

"ஐயோ, உங்களை இல்லைங்க. அது வேற சம்பந்தி!"

பெரியப்பா முன்னால் வந்தார். "ஒத்தப் பொண்ணுன்னுதான சொன்னீரு? எத்தன சம்பந்திவே வச்சிருக்கீரு?"

நான் அங்கே நிற்கவில்லை. சைக்கிளில் பறந்துபோய் சம்பந்தியைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தேன். வந்ததும் நேரே பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். மேளக்காரர்கூட வேடிக்கை பார்க்க வாசிப்பை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில்தான் சம்பந்தியின் வெண்கலக் குரல் எழுந்தது.

"சார்! மாப்ள லூஸு!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது?

"ஆட்டிப் பாத்தேன் சார், சும்மா கடகடன்னு ஆடறான்! மொதல்ல பொண்ணு வூட்ட கயட்டி வுட்டுட்லாம். அப்பால மாப்ளய ரெண்டு தட்டு தட்டினா சரியாப் பூடும்!"

பெரியப்பாவுக்கு மீசை துடித்தது. "யாரப் பாத்துவே லூசுங்கீரு? எங்க பிள்ளையத் தட்டுவீரோ? கழட்டி விடணும்னா நாங்களே கழட்டிக்கிடுதோம். எல, எறங்குல வண்டிய விட்டு! ஊருக்குக் கெளம்புவோம்!"

அம்மா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் கையில் மருதாணியோடு அக்கா காத்திருக்கிறாள். அப்பா கும்பிட்டபடியே ஏதேதோ சொல்கிறார், ஒருவர் காதிலும் ஏறவில்லை. சம்பந்திக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர் முகம் வெளுத்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஐயோ சாமி, பேட்டரிங்க! நான் பேட்டரிய சொன்னேங்க!" என்று பெரியப்பாவின் காலில் விழப்போனார். பெரியப்பா காலை இழுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கினார். போச்சு என்று நினைத்தேன். அவர் நேரே பானெட் பக்கம் வந்தார்.

"இதுல மாப்பிள்ளை யாருங்க?"

சம்பந்தி பிளஸ் முனையைக் காட்டினார். மாப்பிள்ளை அதன் கிளாம்ப்பைப் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. இன்னொரு தரம் ஆட்டினார். தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பெரியப்பா, இங்க வந்து பாருங்க. நெசமாவே மாப்பிள்ளை லூசுதான்!"

பெரியப்பாவும் வந்து, தன் கையாலேயே ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆடத்தான் செய்யுதான்" என்றார். நாதஸ்வரக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அம்மா மட்டும் அழுதுகொண்டே சிரித்தாள்.

சம்பந்தி ஸ்பானரை எடுத்தார். முதலில் மைனஸைக் கழற்றினார். பிளஸ்ஸில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி, கிளாம்ப்பை இரண்டு தட்டுத் தட்டி முறுக்கினார். பிறகு மைனஸை மாட்டினார். வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. ஊர்வலம் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணவில்லை.

மறுநாள் தாலி கட்டி முடிந்து பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா, "சம்பந்தி எங்கேடா?" என்றாள். உண்மையான சம்பந்தி இங்கேதானே என்று பார்த்தேன். "அவர் இல்லடா, நம்ம சம்பந்தி!" என்றாள். தேடிக்கொண்டு வெளியே போனேன். எங்கள் கார் பக்கத்தில் நின்று, துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா, சாப்பிடலாம்."

"வேணாம் தம்பி. நீ போ. என் வாயி ஒரு வாயா? ஒரு பொண்ணு வாழ்க்கையே பூட்டிருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது. எவ்வளவு கூப்பிட்டும் நகரவில்லை.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். மாலையைக்கூடக் கழற்றாமல், செருப்பு போடாமல், அந்த வெயிலில் மாப்பிள்ளையே எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, லூசு மாப்பிள்ளை கூப்பிடுதேன். சாப்பிட வாங்க."

சம்பந்தி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். பந்தியில் ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டு வரிசை, எதிர்ப் பக்கம் எங்கள் வரிசை. நடுவில் நின்று விழித்தார்.

"இப்படி வாங்க சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அப்பா நகர்ந்து இடம் விட்டார்.

"அதெப்படி? அவர் எங்க சம்பந்தி!" என்றார் அப்பா.

சம்பந்தி இரண்டு பக்கமும் பார்த்தார். நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு மெல்லத் திரும்பியது. "மாட்றப்போ மாப்ள வூடு மொதல்ல" என்று சொல்லி, பெரியப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாயசத்துக்கு எங்கள் வரிசைக்கு வந்தார்.

எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை என்று சொன்ன மனிதருக்கு, அன்றைக்கு இரண்டு வரிசையிலும் அம்மாவே இலை போட்டாள்.