கத்பர்ட் தன் நூலைத் தானே கவர்ந்த படலம்

வாழ்க, பேருந்தோட்டிய பெருந்தகை கத்பர்ட் ரென்விக்! வட இங்கிலாந்தின் ஓயாமழை ஊராகிய ஹெட்டில்விக்கில், பணி ஓய்வுக்குப் பின் எழுதுகோல் ஏந்தி, ஊர் லீக்ஸ் போட்டியின் முழு வரலாற்றையும் தடித்த நூலாக்கித் தன் செலவிலேயே அச்சிட்ட தனிப்பெருந் தலைவனே, நின் புகழ் பாடுதும்! வெங்காயத்தின் ஒன்றுவிட்ட சகோதரனாகிய லீக்ஸைத் தொடைப் பருமனுக்கு வளர்த்துப் பரிசு வெல்வதே அவ்வூர் ஆடவர்க்கு வீரம், மானம், வாழ்வு யாவும். அந்த வீர வரலாற்றை ஊரார் மரியாதைக்கு ஆளுக்கொன்று வாங்கினர், ஒருவரும் படிக்கவில்லை. யாரேனும் ஒருவர் படிக்கமாட்டாரா என்பதே தலைவனின் தீராத ஏக்கம்.

படித்தார் ஒருவர். அவர் வழக்கறிஞர்.

வாகை பல சூடிய லீக்ஸ் வேந்தன் லான்ஸ் ஹெஸ்லாப், ஓராண்டு தனக்குப் பரிசு வென்று தந்த லீக்ஸைப் பக்கத்து ஊரில் விலைக்கு வாங்கினான் என நூலின் நடுவே ஒரு வரி கிடந்தது. அதன்மேல் சினந்தெழுந்த மானநட்ட அறிவிப்பு, இடிமுழக்கி, வாள்சுழற்றி, மின்னஞ்சலில் வந்திறங்கியது: பிரதிகள் அனைத்தையும் திரும்பப் பெறுக, அழித்தொழிக்க, ஊரின் இணையப் பக்கத்தில் மன்னிப்புக் கோருக, தவறின் நீதிமன்றம்!

எழுதியது உண்மைதான். ஆயின் அதை மெய்ப்பிக்கும் சுமையை எழுதியவன் தலையிலேயே ஏற்றுவது அந்நாட்டுச் சட்டம். சான்றாகிய லீக்ஸோ, ஊர் வழக்கப்படி, போட்டி முடிந்த மாலையே பொதுப்பானையில் வெந்து சூப்பாகிவிட்டது. அந்தச் சான்றில் இரண்டு கிண்ணம் குடித்தவனும் நம் தலைவனே.

"வழக்குன்னு போனா வீடு நம்மளுது இல்ல," என்றாள் மனைவி மாரியன். "போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வா. குல்லாய போட்டுக்க, தூறுது."

ஆநிரை கவரப் புறப்பட்ட பண்டை மறவரைப்போல், தோட்டத்துக் கைவண்டியே தேராக, முழங்கால் வலியே பகையாக, வீடுவீடாய்ச் சென்றான் வீரன். ஏன் திருப்பிக் கேட்கிறாய் என்று எல்லோரும் கேட்டனர். பொய்யறியா நாவினன், பக்க எண்ணோடு காரணத்தைச் சொன்னான். அன்றுவரை பூ ஜாடிக்கு அடியில் கிடந்த நூல்கள் சடசடவெனத் திறந்தன.

"கொஞ்சம் இருப்பா," என்றாள் மதுக்கடை ஹில்டா, கைபேசியை எடுத்தபடி. "குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த மட்டும் ஒரு படம் புடிச்சுக்கறேன். என் தங்கச்சிக்கு அனுப்பணும்."

ஊரெங்கும் தங்கைகள் இருந்தனர். கைவண்டி தேவாலயத்தை எட்டுமுன் அந்தப் பக்கம் கடல் கடந்திருந்தது.

அஃதறியாத தலைவன், வீடு திரும்பி, தன் சொந்தப் பிரதியையும் வாசலில் இறக்கிய குவியலில் எறிந்து, கணினியில் இருந்ததையும் துடைத்தழித்து, மன்னிப்பு எழுத அமர்ந்தான். யாரும் ஒரு குறையும் சொல்லக்கூடாதென்று ஒவ்வொன்றாய் மறுத்தான்: ஹெஸ்லாப் அந்த லீக்ஸைப் பக்கத்து ஊரில் வாங்கவில்லை, போர்வையில் சுருட்டிக் கார் டிக்கியில் கொண்டுவரவில்லை, வேரில் தன் தோட்டத்து மண்ணைப் பூசவுமில்லை. போர்வையும் மண்ணும் நூலிலேயே இல்லாதவை. ஆஸ்திரேலியர்களும் படித்துக் கண்ணீர்வரச் சிரித்தனர். உடனே இரண்டாம் அறிவிப்பு வந்தது: மன்னிப்பையும் திரும்பப் பெறுக!

அவ்வார இறுதியில், நூல் வேண்டி வாசலில் வரிசை நின்றது, குடைபிடித்து, பொறுமையாக, வளைவு தாண்டியும். வரிசையின் முதல் ஆளாய், விடியுமுன்னே வந்து நனைந்த தொப்பியோடு, லான்ஸ் ஹெஸ்லாப். கதவைத் தட்டவில்லை, அது திறந்ததும்தான் வாய் திறந்தான்.

"அந்த ஒரு வரிய விடு. மத்த வருஷமெல்லாம் என்னைப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்கியாமே, வக்கீல் சொன்னாரு. எனக்கு ஒண்ணு குடுப்பா. நானும் படிக்கணும்."

அந்தோ, பகைவனே வாசகனாய் வந்து நிற்க, நெஞ்சம் பொங்கி, இதற்காகவன்றோ இத்தனை ஆண்டு எழுதினோம் என எண்ணி எண்ணி உருகி, விண்ணோர் பூமாரி பொழிவதாய் மயங்கி, இருகை நீட்டித் திரும்பினான் ஹெட்டில்விக் கண்ட ஒரே நூலாசிரியன்.

பழைய காகிதம் எடுக்கும் வண்டி செவ்வாய்க்கிழமையே வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.